காட்சிக் கலையில் பொய்யும் வாய்மையும்: சீகிரியாவிலிருந்து மிளகுப் பக்கற் வரை

தமிழ் படித்தவர்களுக்குப் பொய் புதிதல்ல. உயர்வு நவிற்சி, தற்குறிப்பேற்றம், இல்பொருள் உவமை என்று அணியிலக்கணம் பொய்க்குப் பெயர் வைத்து, வகை பிரித்து, பாடமாகவும் தந்திருக்கிறது. சிலப்பதிகாரத்திலே மதுரையின் மதிற்கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டாம் என்று கைகாட்டி மறிக்கின்றன. இதைப் படிப்பிக்கும்போது எந்தப் பிள்ளையும் எழும்பி, "கொடிக்குக் கை ஈக்கா சேர்?" என்று கேட்டதில்லை. அசைந்தது காற்றினால் என்பது இளங்கோவுக்கும் தெரியும், வாசிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இரண்டு பக்கமும் அறிந்தே செய்துகொண்ட உடன்பாடு அது. அதில் ஏமாறுகிறவர் எவரும் இல்லை.

ஓவியம், புகைப்படம், விளம்பரம், பக்கற்றின் வடிவமைப்பு என்று வரும்போது இந்த உடன்பாடு எங்கே நிற்கிறது? கோட்டுக்கும் நிறத்துக்கும் வாய் கிடையாது. வாய் இல்லாத ஒன்று பொய் சொல்லுமா? சொல்லும் என்றுதான் நான் நினைக்கிறேன். அதைவிட, வாயால் சொல்லும் பொய்யைவிட லேசாகத் தப்பித்துக்கொள்ளவும் செய்யும். ஏனென்றால், பிடித்துக் கேட்டால், "நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே" என்று அதனால் மறுத்துவிட முடியும்.

ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு சம்பவம் நம் எல்லோருக்கும் பழக்கமானது. நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து போகிறார்கள். கையை உள்ளே விடுகிறார்கள். விரல்களில் ஈரம் படுகிறது. இது என்ன என்று கேட்க, மழை பட்டுவிட்டது என்கிறார் வியாபாரி. மக்கள் காணும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்கிறார்கள் நபியவர்கள். ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்ற கடும் எச்சரிக்கை அந்த இடத்தில்தான் வருகிறது.

ஜும்ஆ மேடைகளில் இந்த ஹதீஸைத் தராசுக்கும் கலப்படத்துக்கும் மட்டுமே எடுத்துப் பழகிவிட்டோம். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், அந்த வியாபாரி வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேட்டதும் உண்மையைத்தான் சொன்னார். தானியமும் கலப்படமில்லை, நல்ல தானியம்தான். பிழை, அடுக்கி வைத்த விதத்தில் இருந்தது. எது மேலே, எது கீழே. எது கண்ணுக்கு, எது கைக்கு. இன்று வடிவமைப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த ஒரு வேலைதான். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்வியைத்தான் கையில் வைத்துக்கொண்டு போகப்போகிறேன்: ஈரம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது?

அதற்கு நல்ல இடம் எங்கள் மாத்தளை மாவட்டத்திலேயே இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் காசியப்ப மன்னன் ஆண்ட சீகிரியாக் குன்றின் மேற்குப் பக்கத்திலே, பாறைக் குழிவுக்குள் தீட்டப்பட்ட பெண்களைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். எங்கள் பிள்ளைகளையும் சுற்றுலாவுக்குக் கூட்டிக்கொண்டு போவோம். அங்கே ஒரு பெண்ணுக்கு மூன்று கை தெரியும். வழிகாட்டிகள் இதை ஒரு வேடிக்கையாகக் காட்டுவார்கள், பிள்ளைகளும் சிரிப்பார்கள். நடந்தது இதுதான்: ஓவியன் முதலில் கையை ஓர் இடத்தில் வரைந்திருக்கிறான். பிறகு மனம் மாறி வேறு இடத்தில் வரைந்திருக்கிறான். முதற்கோடு முற்றாக மறையவில்லை. எத்தனையோ நூற்றாண்டு கழித்து, அவன் யோசித்துத் திருத்திய அந்தக் கணம் அப்படியே நமக்கு முன்னால் நிற்கிறது. ஓவியன் அதை வேண்டுமென்று விட்டானா, பூசி மறைத்தது பிற்காலத்தில் தேய்ந்ததா என்பது வேறு விஷயம். எனக்கு அந்த மூன்றாவது கைதான் அந்தக் குழிவிலேயே நம்பிக்கை தரும் இடம். இது ஒரு மனிதன் கையால் செய்தது என்று அது சாட்சி சொல்கிறது.

1890களில் தொல்பொருள் ஆணையாளர் எச்.சி.பி. பெல் சீகிரியாவை ஆராய்ந்தபோது, அவருடைய உதவியாளர் டி.ஏ.எல். பெரேரா, இன்றைய சுருள் படிக்கட்டு இல்லாத அந்தக் காலத்திலே மேலே ஏறி, ஓவியங்களைப் பார்த்துப் படியெடுத்தார். அந்தப் படிகள் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு வந்து சேர்ந்தன. அவை அச்சொட்டாகப் போலச் செய்தவை. ஆனால் எவரையும் ஏமாற்றுவதில்லை. 'இது படி, மூலம் சீகிரியாவில்' என்பதை மறைக்கவில்லை. போலச் செய்வது வேறு, போலி வேறு. தமிழில் இரண்டு சொல்லும் ஒரே வேரிலிருந்து வருவதால் நமக்கு அடிக்கடி குழம்பிவிடுகிறது.

1967 ஒக்டோபரில் அந்த ஓவியங்களுக்குப் பெரிய அநியாயம் நடந்தது. இரவிலே சிலர் ஏறி, பச்சைப் பெயின்றை அள்ளி ஊற்றினார்கள். சில உருவங்களைச் சுரண்டினார்கள். பச்சையை அகற்றுவதற்காக லூசியானோ மரான்சி என்ற இத்தாலிய நிபுணர் வரவழைக்கப்பட்டு, எமது தொல்பொருள் திணைக்களத்தாரோடு சேர்ந்து வேலை செய்தார்.

அந்தக் காலத்து உரோம் நகரில் ஓவியப் பாதுகாப்பைப் பற்றி ஒரு பெரிய சிந்தனையே வளர்ந்திருந்தது. செசாரே பிராந்தி என்பவர் அதன் முன்னோடி. 1939இல் அங்கே தொடங்கிய மத்திய மீளமைப்பு நிறுவகத்தின் முதல் பணிப்பாளர் அவர்தான். 1963இல் தன் கோட்பாட்டை நூலாகவும் வெளியிட்டார். பழைய ஓவியத்தில் ஒரு துண்டு உதிர்ந்துவிட்டால் என்ன செய்வது? வெறுமனே விட்டால், கண் அந்த ஓட்டையிலேயே போய் விழுகிறது, படத்தைப் பார்க்க முடியாது. பழைய ஓவியன் போலவே வரைந்து நிரப்பினால், எது அவன் கை, எது இவன் கை என்று நாளைக்கு எவருக்கும் தெரியாது. அந்தப் பள்ளியினர் கண்டுபிடித்த வழி அழகானது. உதிர்ந்த இடத்தை நெருக்கமான, மெல்லிய நிலைக்குத்துக் கோடுகளால் நிரப்பினார்கள். இரண்டு மூன்று யார் தள்ளி நின்று பார்த்தால், கோடுகள் கலந்து படம் முழுமையாகத் தெரியும். கிட்டப் போனால், இது புதுக் கை என்று கண் உடனே பிடித்துவிடும். பாவிப்பதும் நீர்வண்ணம். பிறகு ஒருவர் வேண்டாமென்றால், பழையதற்குச் சேதமில்லாமல் கழுவி எடுக்கலாம்.

இதைத் தரம் 10 பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது ஒரு மாணவி சொன்னாள்: "சாரில ஒட்டுப் போட்ட மாதிரி சேர். தூரத்தில தெரியாது, உம்மாக்கு மட்டும் தெரியும்." இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு கதை நம்முடைய எழுத்தணிக் கலை வரலாற்றிலே இருக்கிறது. யாகூத் என்ற வரலாற்றாசிரியர் வழியாக வந்த கதை. 1022இல் மறைந்த பக்தாத் கலைஞர் இப்னுல் பவ்வாப், ஷீராஸ் நகரில் பூவைஹித் ஆட்சியாளர் பஹாவுத் தவ்லாவின் நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்தார். அங்கே முன்னோடியான இப்னு முக்லாவின் கையெழுத்தில் அமைந்த குர்ஆன் ஜுஸ்உகள் சிதறிக் கிடக்கக் கண்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தார். இருபத்தொன்பது கிடைத்தன, ஒன்றைக் காணவில்லை. அதை நீரே எழுதி நிரப்பும் என்றார் ஆட்சியாளர். சரி, ஆனால் நான் எழுதியது எது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாவிட்டால், ஒரு கௌரவ அங்கியும் நூறு தீனாரும் தரவேண்டும் என்று நிபந்தனை வைத்தார் கலைஞர். பழைய காகிதம் தேடினார். அதே கையில் எழுதினார். பொன் அலங்காரத்தையும் பழையதுபோல் மங்கச் செய்தார். வேறொரு பழைய பிரதியின் அட்டையைக் கழற்றி இதற்குப் பொருத்தினார். பிறகு முப்பதையும் முன்னால் கொண்டுபோய் வைத்தார். ஆட்சியாளர் திருப்பித் திருப்பிப் பார்த்தும் புதியதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இது நமக்குள் இரகசியமாக இருக்கட்டும், முழுவதும் இப்னு முக்லாவின் கையாகவே இருக்கட்டும் என்று இருவரும் முடிவு செய்துகொண்டார்களாம். அங்கியும் தீனாரும் வந்து சேரவில்லை. கடைசியில் நூலகத்திலிருந்த வெற்றுக் காகிதங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

கதையைக் கேட்கிறவர்கள் கலைஞரின் திறமையை மெச்சுவார்கள். எனக்கும் மெச்சத்தான் தோன்றுகிறது. டப்ளின் நகரின் செஸ்டர் பீற்றி நூலகத்திலே, ஹிஜ்ரி 391இல் அவர் எழுதித் தன் பெயரையே இட்ட குர்ஆன் பிரதி இருக்கிறது. அந்தக் கை எத்தகையது என்று அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் ஷீராஸில் நடந்ததைத் தானியக் குவியலோடு வைத்துப் பாருங்கள். அந்த முப்பதாவது ஜுஸ்உவில் அல்லாஹ்வின் வசனம் ஒன்றுகூட மாறவில்லை. வாசகம் உண்மை. பொய்யானது, யார் எழுதியது, எப்போது எழுதியது என்று அந்தக் காகிதமும் மங்கிய பொன்னும் அட்டையும் சேர்ந்து சொன்ன சாட்சி. இருவர் சிரித்துக்கொண்டு செய்த விளையாட்டாக இருக்கலாம். அந்த இருவரும் மவ்த்தான பிறகு அதைத் திறக்கிற மூன்றாமவனுக்கு யார் சொல்வது? பிற்காலத்து உஸ்மானிய எழுத்தணிக் கலைஞர்கள் இதில் கவனமாக இருந்தார்கள். ஆசானைப் பார்த்து எழுதினால், இன்னாரின் எழுத்தைப் பார்த்து எழுதியது என்று அந்தத் தாளிலேயே குறிப்பதுண்டு. இஜாஸா பெறாத மாணவன் தன் பெயரை இடுவதுமில்லை.

இனி ஊருக்கு வருவோம். ஏ-9 வீதியில் மாத்தளையிலிருந்து அலுவிகாரை தாண்டிப் போகிறவர்கள் இரண்டு பக்கமும் வாசனைத் தோட்டங்களையும் பற்றிக் கடைகளையும் காண்பார்கள். இலங்கைப் பற்றிக்குப் புது உயிர் கொடுத்தவர்களில் முதன்மையானவரான ஈனா டி சில்வா (1922 - 2015) இந்த அலுவிகாரையைச் சேர்ந்தவர். ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்பு மண்டபத்தில் அவருடைய பற்றிகள்தான் விதானமாக இருந்தன. பிற்காலத்தில் அவர் ஊருக்கே திரும்பி வந்து, அங்கத்தைய பெண்களோடு சேர்ந்து வேலை செய்தார்.

பற்றியில் துணியின் மேல் உருக்கிய மெழுகைப் பூசி, சாயத்தில் அமிழ்த்துவார்கள். மெழுகு உள்ள இடத்தில் சாயம் பிடிக்காது. ஒவ்வொரு நிறத்துக்கும் இந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். சாயத்தில் புரட்டும்போது மெழுகு வெடிக்கும். வெடிப்பு வழியே சாயம் உள்ளே ஊறி, சிலந்தி வலைபோல மெல்லிய கோடுகள் விழும். அது மெழுகின் பலவீனம்தான். ஆனால் கையால் செய்ததற்கு அதுவே அடையாளமாகிவிட்டது. அடையாளம் ஒன்று உருவானதும் என்ன நடக்கும்? இயந்திரத்தில் அச்சடிக்கிற துணியிலும் அந்த வெடிப்புக் கோட்டையே அச்சடித்தார்கள்! மெழுகே படாத துணியிலே மெழுகு வெடித்த தழும்பு. அச்சுத் துணி பாவமில்லை. நாங்கள் எல்லோரும் உடுப்பது அதைத்தான், விலையும் மலிவு. அது 'அச்சு' என்ற பெயரோடு தொங்கினால் ஒரு குறையுமில்லை. பற்றி என்ற பெயரோடு, அந்தப் பொய்த் தழும்பையும் காட்டிப் பற்றியின் விலைக்குப் போகும்போதுதான் ஈரம் கீழே போகிறது. வாங்குகிறவர்கள் துணியைத் திருப்பிப் பார்க்கலாம். மெழுகுச் சாயம் இரு பக்கமும் ஊறியிருக்கும். அச்சு பெரும்பாலும் மறுபக்கத்தில் வெளிறியிருக்கும்.

எண்களைப் படமாக்குவதிலும் இதே கதைதான். ஒரு பரீட்சையின் சித்தி வீதம் 62இலிருந்து 68க்கு உயர்ந்தது என்று வையுங்கள். வரைபின் அடியைப் பூச்சியத்தில் தொடங்காமல் 60இல் தொடங்கினால், இரண்டாவது தூண் முதலாவதைவிட நான்கு மடங்கு உயரமாக நிற்கும். எண் இரண்டும் சரி, கண்ணுக்குக் கிடைத்தது பொய். டரல் ஹஃப் என்ற அமெரிக்கர் 1954இலேயே இந்தத் தந்திரங்களை ஒரு சிறு நூலில் அம்பலப்படுத்தினார். நம்மூர் ரியூஷன் பதாகைகளை அவர் பார்க்கவில்லை.

பக்கற்றுக்குச் சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வியாபாரத்தில் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடை செய்கிறது. 2016 ஓகஸ்ட்டிலிருந்து குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்ப நிறவட்டம் இடவேண்டும்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை, இடையில் உள்ளதற்குச் செம்மஞ்சள். சிகரட் பெட்டியில் 80 வீதப் பரப்பை எச்சரிக்கைப் படம் எடுக்கவேண்டும் என்று 2015இல் வந்தது. இவையெல்லாம் அரசாங்கம் கையை உள்ளே விட்டு, ஈரத்தை மேலே எடுத்து வைத்தமைதான். எழுத்தில் சொல்லியும் வாசிக்காதவர்களுக்கு நிறத்தால் சொல்வது, வடிவமைப்பு உண்மையின் பக்கம் நிற்கும் இடம்.

சட்டம் எட்டாத ஓர் இடம் நம்முடைய கடைகளில் இருக்கிறது. தேன் போத்தல், கருஞ்சீரக எண்ணெய், பேரீச்சம்பழப் பெட்டி. பச்சை நிறம், பிறை, ஒரு மினாரா, கொஞ்சம் அரபு எழுத்து. ஹலால் இலச்சினையைப் பற்றி 2013இல் நாடே கொதித்தது. நாமும் அந்த இலச்சினைக்காக எவ்வளவோ பேசினோம். ஆனால் அந்த இலச்சினைக்குப் பின்னால் பரிசோதனை என்று ஒன்று உண்டு. பிறைக்கும் மினாராவுக்கும் பின்னால் என்ன உண்டு? அந்தப் போத்தலுக்குள் இருப்பது தேனா சீனிப்பாகா என்று அவை சொல்லவில்லை. எங்கள் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று வியாபாரிக்குத் தெரியும், அவ்வளவுதான். கண்ணியமான எழுத்தைக் கண்டால் கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சத்தை விலையாக்குவது, என் பார்வையில், குவியலுக்கு மேலே காய்ந்த தானியத்தைத் தூவியதைவிட மோசமானது. நல்ல தேன் விற்கிறவரும் இதனால்தான் பாதிக்கப்படுகிறார்.

படம் முழுக்க உண்மையாக இருந்தும் பொய் சொன்ன நிகழ்ச்சியையும் நம் சமூகம் மறந்திருக்காது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாகச் சொல்லிக் கூட்டம் கூடியது. காசாளருக்குச் சிங்களம் சரியாக விளங்காது. மிரட்டிக் கேட்டதற்குத் தலையாட்டினார். அது கைப்பேசியில் பதிவாகிப் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மாத்திரை என்று காட்டப்பட்டது மாக்கட்டிதான் என்று பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கை வந்தது. சில நாட்களில் எமக்குப் பக்கத்துக் கண்டி மாவட்டம் எரிந்தது. அரசாங்கம் பேஸ்புக்கை முடக்கியது. 2020இல் அந்த நிறுவனம் தன் பங்குக்கு மன்னிப்பும் கேட்டது. அந்த வீடியோவில் ஒரு சட்டம்கூட வெட்டி ஒட்டப்படவில்லை. ஒரு மனிதர் தலையாட்டினார், அது உண்மை. எந்தக் கேள்விக்கு, எந்தப் பயத்தில், எந்த மொழி விளங்காமல் என்பதெல்லாம் குவியலுக்கு அடியில் போய்விட்டது. நம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களிலும் வேறு நாட்டு, வேறு வருடத்துப் படங்கள் புதுத் தலைப்போடு வலம் வருகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவற்றையெல்லாம் வகுப்பில் வெறும் பேச்சாகச் சொல்லி விடக்கூடாது என்று, சித்திரப் பாட ஆசிரியையும் நானும் சேர்ந்து ஒரு பயிற்சி கொடுத்தோம். எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் மிளகுக் கொடி இல்லாத வீடு குறைவு. ஆளுக்கு நூறு கிராம் மிளகு கொண்டுவரச் சொன்னோம். ஒரே மிளகுக்கு இரண்டு லேபல் வரையவேண்டும். ஒன்று, ஒரு சொல்லும் பொய்யாக இல்லாமல் ஏமாற்றவேண்டும். மற்றது, வாங்குகிறவர் கேட்கக்கூடிய எல்லாவற்றையும் முன்பக்கத்தில் சொல்லவேண்டும். அதுவும் அழகாக இருக்கவேண்டும்.

முதலாவது லேபல் எல்லோருக்கும் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. தங்க நிற விளிம்பு, காடு, அருவி, முதுமக்கள் முகம், 'பாரம்பரியம்' என்ற சொல். ஒரு பையன் கப்பல் படம் போட்டிருந்தான். ஏனென்று கேட்டேன். "ஏற்றுமதித் தரம்னு நான் எழுதல்லயே சேர். கப்பல் மட்டும்தான் ஈக்கிது" என்றான். இந்தப் பிள்ளைகளுக்கு விளம்பர மொழியை எவரும் படிப்பிக்கத் தேவையில்லை, பார்த்துப் பார்த்தே வந்திருக்கிறது.

இரண்டாவது லேபலுக்கு மூன்று பாடவேளை போயிற்று. பறித்த மாதம் எழுதுவதா? சுருங்கிய, பாரமில்லாத மணி எவ்வளவு என்று எழுதுவதா? எழுதினால் யார் வாங்குவார்? வியாபாரிகள் மிளகின் தரத்தை ஒரு லீற்றர் அளவில் எத்தனை கிராம் நிற்கிறது என்று நிறுத்துப் பார்ப்பதை ஒரு பிள்ளையின் வாப்பா சொல்லியனுப்பியிருந்தார். அந்த எண்ணைப் பெரிதாக முன்னால் போட்டாள் அவள். நிறமே பாவிக்கவில்லை, கறுப்பு மையும் பழுப்புக் காகிதமும்தான். வகுப்பில் அழகான லேபல் அதுவாகத்தான் இருந்தது. சித்திர டீச்சருக்கும் அதே எண்ணம்.

இன்னொருத்தி எழுத்தே வேண்டாமென்று பக்கற்றின் நடுவிலே ஒரு சதுரத்தை வெட்டி, உள்ளே கண்ணாடித்தாள் ஒட்டினாள். "மிளகே தெரியுதே சேர், இனி என்னத்த செல்ற?" எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. அப்போது கப்பல் வரைந்த பையன் எழும்பினான்.

"ஜன்னலுக்குப் பக்கத்தில நல்ல மிளகா பாத்துப் போட ஏலுமே சேர்."

வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. அவள் தன் பக்கற்றை எடுத்து, எல்லோருக்கும் முன்னால் மேலும் கீழுமாக நன்றாகக் குலுக்கிவிட்டு, மேசையில் வைத்தாள்.